‘ஸ்ட்ரெய்னர்’: வடிகட்டியா, சல்லடையா, நெய்யரியா?

கும்பகோணத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அரிசி ஆலைகளில் கொதிகலன் பார்க்கும் தொழிலாளர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 40 பக்கங்களும் முடிந்துவிட்டன. ஒரே ஒரு சொல் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

‘பில்டர்’ என்பதற்கு ‘வடிகட்டி’ என்று எழுதுவதில் எவருக்கும் தகராறு இல்லை. ‘ஸ்ட்ரெய்னர்’ என்பதற்கும் அகராதிகள் அதே ‘வடிகட்டி’யைத்தான் நீட்டுகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஸ்ட்ரெய்னர் என்பது பம்பு, கட்டுப்பாட்டு வால்வு, ஓட்டமானி, நீராவிப் பொறி (ஆவியை விடாமல், அது குளிர்ந்து உண்டான நீரை மட்டும் வெளியேற்றும் ‘ஸ்டீம் டிராப்’) ஆகியவற்றுக்கு முன்னால் குழாயில் அமர்ந்து, துரு, பற்றவைப்புத் துணுக்கு, மூடியில்லாத தொட்டியில் பறந்து விழுந்த உமி போன்ற கண்ணுக்குத் தெரியும் கசடுகளைத் தடுப்பது. அதன் உள்ளே துளையிட்ட தகடோ கம்பிவலையோ இருக்கும்; கழற்றிக் கழுவித் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பில்டரோ கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைப் பிடிப்பது. பெரும்பாலும் நிறைந்ததும் எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டியது.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்ற ஆண்டு ஓர் ஆலைக்கு ஒற்றைத் தாளில் ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். ‘வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டவும்’ என்பது அதில் ஒரு வரி. நான் நினைத்து எழுதியது கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பின் முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரை. படித்தவர் கழற்றியது ஜெனரேட்டரின் டீசல் பில்டரை. அதன் தாள் மடிப்புகளை மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்து, மிகுந்த பொறுப்போடு திரும்ப மாட்டியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அந்த மடிப்புகள் மழையில் நனைந்த காகித விசிறியைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்ட்ரெய்னரை எவரும் தொடவே இல்லை. நீர் போதாமல் பம்பு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலக் கடகடத்துக்கொண்டிருந்தது. தவறு அவருடையதன்று, என் சொல்லினுடையது. ஆகவே ஸ்ட்ரெய்னருக்குத் தனிச்சொல் ஒன்று வேண்டும், அதுவும் திங்களுக்குள்.

திருவையாற்றிலிருந்து, புலவர்:

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு, புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை. சொல் எண்ணூறு ஆண்டுக்கு மேலாக நம் வீட்டிலேயே இருக்கிறது. நன்னூல் மாணாக்கர் இலக்கணத்தை நினைவுகூர்க. ‘அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக் குடம் ஆடு எருமை நெய்யரி’ என்று எட்டு உவமைகளைப் பவணந்தியார் அடுக்குகிறார். கடைசியில் வரும் நெய்யரிதான் தாங்கள் தேடும் கருவி. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டை மட்டும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வதால் அது கடைமாணாக்கனுக்கு உவமையாயிற்று. மாணாக்கனுக்குக் குற்றமாகிய அதே குணம் குழாயில் உட்கார்ந்திருக்கும் கருவிக்குத் தலையாய குணமாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பாலை நீரிலிருந்து பிரிக்கும் அன்னத்தைப் பில்டருக்கு உவமையாகக் கொள்ளலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அது கரைந்ததையே பிரிப்பதாதலால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்காரர்களுக்கு ஒதுக்கிவைப்போம்.

அரித்தல் என்னும் வினை இன்றும் நம் அடுக்களைகளில் உயிரோடிருக்கிறது. அரிசியைக் களைந்து கல் அரிக்காமல் உலை வைப்பார் உண்டோ? அதை முதனிலையாகக் கொண்டால் நீரரி, எண்ணெயரி, ஆவியரி என்று வேண்டிய அளவு சொற்கள் விளையும். மற்றொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடந்தை வழியே ஓடும் அரசலாற்றின் பழம்பெயர் அரிசில். சங்கப் புலவர் அரிசில்கிழாரையும், தேவாரத் தலமாகிய அரிசிற்கரைப்புத்தூரையும் அறிவீர்கள். மணலை அரித்து அரித்துத் தெளிநீரைத் தருவதால் அந்த ஆறு அரிசில் ஆயிற்று என்பது என் நெடுநாள் துணிபு. தாங்கள் ஸ்ட்ரெய்னரின் கரையிலேயே குடியிருந்துகொண்டு ஸ்ட்ரெய்னருக்குச் சொல் தேடுகிறீர்கள்!

மன்னார்குடியிலிருந்து, பராமரிப்புப் பொறியாளர்:

புலவர் ஐயாவின் மடலை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். ஆயினும் மூன்று இடர்ப்பாடுகளைச் சொல்லியாக வேண்டும்.

குழாய்த் தொழிலில் ‘அரிப்பு’ என்றால் உலோகத்தைத் துரு தின்பது. இதே கையேட்டில் அந்தச் சொல் பல இடங்களில் வந்தே தீரும். ‘நீரரியில் அரிப்பு உள்ளதா எனப் பார்க்கவும்’ என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிந்துகொள்வார். அதுவும் ஓர் அரிப்பாகிவிடும். இரண்டாவது, நெய்யரி என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் அந்தப் பொருள் உண்மையிலேயே அருமையான சல்லடைதான்; ஆனால் ஆலையில் அந்தச் சொல்லை எப்போது, யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது குழுவினர் அறியாததன்று. மூன்றாவது, அரிசிலாறு. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம், ஐயா.

என் கருத்து எளிது: ‘ஸ்ட்ரெய்னர்’ என்றே எழுதிவிடுங்கள். பம்பின் உறிஞ்சுகுழாய் அடியில் மாட்டும் வால்வை எங்கள் பக்கத்து உழவர்கள் ‘புட்வால்வு’ என்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் கீறல் விட்ட குழாயைப் ‘பில்டர் பைப்பு’ என்கிறார்கள். எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே எச்சவியலில் விலக்கு அளித்துவிட்டார்.

சொல் எதுவாயினும் கையேட்டில் சில செய்திகள் விடுபடக் கூடாது. ஒய் வடிவ ஸ்ட்ரெய்னரின் சாய்ந்த கால், கிடையாகச் செல்லும் நீர்க்குழாயில் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நீராவிக் குழாயிலோ அதைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் ஆவி குளிர்ந்து உண்டான நீர் அந்தக் காலில் தேங்கி, ஆவியோடு அடித்துக்கொண்டு போய்க் குழாயை உலுக்கும். உடலில் வார்த்திருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் திசையைப் பார்த்திருக்க வேண்டும். எப்போது கழுவுவது என்பதை நாள்காட்டி சொல்லாது, முன்னும் பின்னும் உள்ள இரண்டு அழுத்தமானிகளின் வேறுபாடு சொல்லும். மூடியில் ஸ்பேனரை வைப்பதற்கு முன், இரு பக்க வால்வுகளையும் அடைத்து, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வடிகால் வால்வு வழியே இறக்கி, மானியின் முள் சுழிக்கு வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். பொறியாளர் சாரின் மூன்று மறுப்புகளையும் ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 2010இலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கும் நிலையில், ‘அப்படியே எழுதிவிடுங்கள்’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னால் வினைமுற்றுகள் மட்டுமே தமிழில் எஞ்சும்.

வடித்தலையே சற்று உற்றுப் பார்ப்போம். சோறு வடிக்கையில் நமக்கு வேண்டியது மேலே நிற்கிறது, கஞ்சி கீழே போகிறது. காப்பி வடிகட்டுகையில் வேண்டியது கீழே இறங்குகிறது, சக்கை மேலே நிற்கிறது. வயலிலிருந்து மிகைநீரை வெளியேற்றும் வாய்க்காலோ வடிகால். அங்கே பிரிப்பு என்பதே இல்லை. இத்தனை வேலைகளைச் சுமக்கும் ஒரு வினையின் தலையில் ஸ்ட்ரெய்னரையும் ஏற்றுவது நியாயமில்லை. பில்டரோடு அது நிற்கட்டும்.

என் பரிந்துரை ‘குழாய்ச் சல்லடை’. துளையின் அளவைக்கொண்டு, அதைவிடப் பெரியதை நிறுத்திச் சிறியதை விடுவது என்னும் செயல்முறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கழுவித் திரும்பப் பயன்படுத்துவது என்ற குறிப்பும் இருக்கிறது; சல்லடையை எவரும் எறிவதில்லை. கூடை வடிவத்தைக் ‘கூடைச் சல்லடை’ என்றும், ஓட்டத்தை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் இணையை ‘இரட்டைச் சல்லடை’ என்றும் சொல்லலாம். ‘மெஷ்’ என்பதற்கு எங்கள் ஊர் வலைக்காரர்களிடமிருந்து ‘கண்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 100 மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் 100 கண்கள். கண் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 150 மைக்ரான். எண் கூடக் கூடக் கண் சிறுக்கும் என்பதைத் தொழிலாளர்கள் அடிக்கடி தலைகீழாக நினைத்துவிடுகிறார்கள்; ‘அங்குலத்துக்கு 100 கண்’ என்று தமிழில் விரித்து எழுதினால் அந்தக் குழப்பம் எழாது.

திருவையாற்றிலிருந்து, புலவர்:

அம்மையாரின் வடித்தல் ஆராய்ச்சி மிக நன்று. ‘வடிகட்டி’யில் உள்ள ‘கட்டி’ எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்: பானையின் வாயில் துணியை வேடுகட்டி வடித்ததன் நினைவாகவே அதை நான் காண்கிறேன். ஆனால் சல்லடைக்கு உடன்படேன். மாவைச் சலிப்பர், மணலைச் சலிப்பர். நீரைச் சலிப்பார் எவருமிலர். பயனற்ற முயற்சியைச் சல்லடையில் தண்ணீர் அள்ளுவது என்றே உலக வழக்கு எள்ளுகிறது. தண்ணீர்க் குழாயில் சல்லடையை வைப்பது சொல்லளவில் நகைப்புக்கு இடமாகும். அரிப்பு என்னும் சொல்லில் மயக்கம் எனின், துரு தின்பதற்குத் ‘துருவேறல்’ என்று சொல்லி அரித்தலை விடுவிக்கலாமே.

மன்னார்குடியிலிருந்து, பராமரிப்புப் பொறியாளர்:

ஐயா, சல்லடையில் தண்ணீர் நிற்காது என்பதுதான் எங்களுக்கு வேண்டியதே. நீர் நிற்க வேண்டாம், கசடு நிற்கட்டும்.

‘குழாய்ச் சல்லடை’யை அரைமனத்தோடு ஏற்கிறேன். புதிய குழாய்த்தொடரை முதன்முதலில் ஓடவிடும்போது, குழாய்களை இணைக்கும் பிளாஞ்சுகளுக்கு இடையில் செருகும் கூம்புக்கும் ‘தற்காலிகச் சல்லடை’ என்று பெயர் வையுங்கள். தொடக்கக் கசடு வெளியேறியதும் அதை எடுத்துவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய தகட்டுப் பிடியைத் தவிர வேறு அடையாளம் இராது. ‘தற்காலிகம்’ என்பது பெயரிலேயே இருந்தால் எவராவது நினைவு வந்து எடுப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. மடல் எழுதாதவர்களில் நால்வர் தனியே சல்லடைக்கு ஆதரவு தெரிவித்தனர். ஒருவர் எதுவாயினும் சரி, விவாதத்தை முடியுங்கள் என்றார். ‘குழாய்ச் சல்லடை’ என்றே எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘தொழிலகத்தில் ஸ்ட்ரெய்னர் எனப்படும்’ என்று சேர்க்கிறேன். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். நெய்யரிக்கு அடிக்குறிப்பு போட இடமில்லை. போட்டால் பக்கம் 41 ஆகிவிடும், அச்சகத்தார் கூடுதல் தாளுக்குக் காசு கேட்பார்.

திருவையாற்றிலிருந்து, புலவர்:

மாற்றுக்கருத்து பதிவாகட்டும். இரண்டாம் பதிப்பில் பேசுவோம். அரிசிலாறு பற்றித் தனிமடல் வரும்.

மன்னார்குடியிலிருந்து, பராமரிப்புப் பொறியாளர்:

ஆசிரியர் ஐயாவுக்கு, மெய்ப்புப்படியை எங்கள் பிட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 22 ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். இடையில் நிறுத்தாமல் படித்து முடித்துவிட்டு, “எல்லாம் புரியுது சார். சல்லடைன்னா உள்ளே இருக்கிற ஜாலிதானே? அப்போ வெளியே இருக்கிற பாடிக்கு என்ன பேரு?” என்று கேட்டார். முழுக்கருவிக்கும் அதன் உறுப்புக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம். ஏதாவது செய்ய முடியுமா?

கும்பகோணத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

காலையிலேயே அச்சேறிவிட்டது.