பெரும்போக விளைச்சலை பிவட் டேபிளில் தொகுப்பது எப்படி?

வட்டைக்கணக்கு, சம்மாந்துறை:
வணக்கம். எங்கள் விவசாய அமைப்பின் உர விநியோகத்தையும் நெல் அறுவடையையும் எக்செலில் ஒரே தாளில் பதிந்து வருகிறேன். திகதி, வட்டை (வயல் பகுதி), விவசாயியின் இலக்கம், ஏக்கர், உரச் செலவு, நெல்லின் நிறை ஆகியவை நிரல்களாக உள்ளன. வட்டை வாரியாகவும் போகம் (பயிர்ச்செய்கைப் பருவம்) வாரியாகவும் ஏக்கருக்கான விளைச்சலை நிருவாகக் குழு கேட்டிருக்கிறது. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டால், நெல்லின் மொத்த நிறை வரவேண்டிய இடத்தில் பதிவுகளின் எண்ணிக்கை வருகிறது. ஒரே வட்டை இரண்டு நிரைகளாகப் பிரிந்து, அதில் ஒன்று விளங்காத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. ஆண்டு வாரியாகத் தொகுத்தாலோ, ஒரே பெரும்போகத்துக்கு நவம்பரில் கொடுத்த உரம் ஓர் ஆண்டிலும் பெப்ரவரியில் வெட்டிய நெல் அடுத்த ஆண்டிலும் போய் விழுகின்றன. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

படுவான்கரை வாசி:
நிறை நிரலில் எங்காவது "1250 கிலோ" என்று எழுத்தும் சேர்த்துப் பதிந்திருப்பார்கள். அப்படி ஒரு கலம் இருந்தாலே எக்செல் கூட்டலை விட்டு எண்ணிக்கைக்குப் போய்விடும். எண்ணை மட்டும் வைத்துவிட்டு, கவுண்ட் என்பதை சம் என்று மாற்றுங்கள். ஆங்கில எழுத்தாகத் தெரியும் வட்டைப் பெயர் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் இதே பிரிவினையைச் செய்யும் என்பதால் வெற்றிடத்தை நீக்கும் ட்ரிம் சூத்திரத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

போகத்துக்கு எக்செலின் ஆண்டுத் தொகுப்பு உதவாது. அதற்குத் தெரிந்தது ஜனவரி முதல் டிசெம்பர் வரையான ஆண்டு மட்டுமே. "போகம்" என்று தனி நிரல் ஒன்றைச் சேர்த்து, மாதம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் இணைத்து "2023/24 பெரும்போகம்" என்றும், 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் முந்திய ஆண்டோடு இணைத்தும், இடைப்பட்டவற்றைச் சிறுபோகம் என்றும் எழுதும்படி இஃப் சூத்திரம் அமைக்கலாம். ஏப்ரலும் செப்டெம்பரும் இரு போகங்களும் முட்டிக்கொள்ளும் மாதங்கள். அவற்றைக் கையால் சரிபார்ப்பதே மேல்.

கல்முனை_கணக்காளர்:
ஒவ்வொரு நிரையிலும் ஏக்கருக்கான விளைச்சலைக் கணித்து வைத்துவிட்டு, பிவட்டில் அதன் சராசரியை எடுத்துவிடாதீர்கள். ஒருவர் 1 ஏக்கரில் 2,500 கிலோவும் மற்றவர் 9 ஏக்கரில் 13,500 கிலோவும் எடுத்தால், அந்தச் சராசரி 2,000 என்று காட்டும். ஆனால் 10 ஏக்கரில் விளைந்தது 16,000 கிலோ என்பதால் உண்மையான விளைச்சல் ஏக்கருக்கு 1,600 கிலோதான். பிவட்டுக்குள் நாமே சூத்திரம் எழுதிச் சேர்க்கும் கல்குலேட்டட் ஃபீல்டில் நிறையை ஏக்கரால் வகுக்கும்படி கொடுத்தால், எக்செல் முதலில் இரண்டையும் தனித்தனியே கூட்டிய பிறகே வகுக்கும்.

வட்டைக்கணக்கு, சம்மாந்துறை:
இருவருக்கும் நன்றி. பெயரும் போகமும் சரியாகிவிட்டன. ஆனால் ஏக்கருக்கு 600 கிலோ, 700 கிலோ என்று, எங்கள் வட்டைகளில் எவரும் நம்பாத விளைச்சல் வருகிறது.

கல்முனை_கணக்காளர்:
வட்டையின் மொத்தத் தொகை உள்ள கலத்தை இருமுறை சொடுக்குங்கள். அதற்குப் பின்னாலுள்ள நிரைகள் அனைத்தும் புதிய தாளில் விரியும். உரம் பெற்ற நாளிலும் நெல் கொண்டுவந்த நாளிலும் ஒரே விவசாயியின் ஏக்கர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி மூன்று நிரைகளில் எழுதப்பட்டிருந்தால் ஒரே காணி மூன்று தடவை கூட்டப்பட்டு, விளைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும். போகத்துக்கு ஒருமுறை, அவருடைய முதல் நிரையில் மட்டும் ஏக்கரை வைத்து மற்றவற்றை வெறுமையாக விடுங்கள். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு: அதன்பின் அட்டவணையை மாத வாரியாக வடிகட்டினால் ஏக்கர் பாதி மறைந்துவிடும் என்பதால், விளைச்சலை முழுப் போகத்துக்கு மட்டுமே எடுக்கவேண்டும்.

படுவான்கரை வாசி:
திருத்திய பின்னர் ரிஃப்ரெஷ் கொடுக்காவிட்டால் எக்செல் பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். மூலத் தரவைத் தெரிவுசெய்து கன்ட்ரோல், டி விசைகளை அழுத்தி அட்டவணையாக்கிய பிறகு அதிலிருந்து பிவட்டை அமைத்தால், அடுத்த போகத்தின் நிரைகளைக் கீழே சேர்க்கும்போது தரவின் எல்லையை மீண்டும் மாற்றவேண்டியதில்லை.