செல்ஃபியைப் பார்த்து அழும் மகளிடம் என்ன பேசுவது?

கேள்வி:
என் மகளுக்கு 14 வயது. இரண்டு மாதமாக யார் போட்டோ எடுத்தாலும் கையால் மூக்கை மறைத்துக்கொள்கிறாள். நேற்று இரவு போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. விலக்கிப் பார்த்தால், தன்னைத்தானே எடுத்த செல்ஃபிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம். “என் மூக்கு ஏன்மா இப்படி இருக்கு?” என்றாள். “உனக்கென்னடி, நீ அழகுதான்” என்றேன். “நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ” என்று திரும்பிப் படுத்துவிட்டாள். மேற்கொண்டு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பதில் 1:
என் பெரியவளுக்கும் இதே மூக்குக் கவலைதான். போனைக் கிட்டத்தில் பிடித்தால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கு பெரிதாகத்தான் விழும். 2018இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வு இதைக் கணக்கிட்டே சொன்னது: ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட, 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்காமல் செய்தே காட்டினேன். முகத்தருகே ஒரு படம். போனை அலமாரியில் சாய்த்துவைத்து, ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி இன்னொன்று. இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவள், “முதல் படத்துல காதே சரியா தெரியலம்மா” என்றாள். அப்புறம் சாயங்காலம் வரை என்னையும் தம்பியையும் விடாமல் படமெடுத்தாள்.

பதில் 2:
கேமரா விஷயம் சரிதான். ஆனால் மூக்கு சின்னதாகத் தெரிந்தால்தான் நிம்மதி என்று ஆகிவிடக் கூடாதே. நான் தினமும் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, “குண்டாயிட்டேன்” என்பேன். ஒருநாள் என் மகள் அதே மாதிரி திரும்பி நின்று, வயிற்றை எக்கி, அதே வார்த்தையைச் சொன்னாள். அப்போது அவளுக்கு வயது 12. அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றோடு நிறுத்தினேன்.

உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யாராவது ஏதாவது சொன்னார்களா? கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள். சாப்பாட்டைக் குறைக்கிறாள், பள்ளிக்குப் போகத் தயங்குகிறாள் என்றால் மட்டும் தாமதிக்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். ரொம்ப நேரம் தலையணை நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் அவள் படத்தில் மூக்கை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறான். 11 பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள், எண்ணி வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என் பிள்ளை. “டீச்சரிடம் பேசட்டுமா?” என்றேன். “நானும் கூட வரேன்” என்றாள். திங்கட்கிழமை போகிறோம்.