பயத்தால் ரத்தான பயணங்கள்: மறுமுனையில் சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்களைச் சந்தித்த அனுபவம் உண்டா?

தர்மபுரியிலிருந்து:

2023 தொடக்கத்தில் குடும்பத்தோடு இலங்கை போய் வந்தோம். கிளம்பும்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அங்க பெட்ரோலே இல்லையாமே, இப்பப் போயே ஆகணுமா?" 2022-இல் டிவியில் பார்த்த போராட்டமும் பெட்ரோல் வரிசையும் அவர்கள் மனதில் அப்படியே இருந்தன. நாங்கள் போனபோது க்யூஆர் முறையில் வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி எங்கும் நிற்கவில்லை.

நுவரெலியாவில் எங்களுக்கு வந்த வேன் டிரைவர் மலையகத் தமிழர். "அண்ணே, 2019 ஈஸ்டர் அன்னைக்குக் குண்டு வெடிச்சது கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புல. இங்க மலையில ஒண்ணுமே நடக்கல. ஆனா அந்த வாரமே ரூம் எல்லாம் கேன்சல்" என்றார். அதிலிருந்து எழுவதற்குள் கொரோனா, அப்புறம் டாலர் தட்டுப்பாடு. 2018-இல் 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்த நாடு அது. 2021-இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. வேனை விற்க மனசு வராமல், சீட்டைக் கழற்றிவிட்டுக் காய்கறி ஏற்றியிருக்கிறார் மனிதர்.

பயணிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 'அங்கே போகாதீர்கள்' என்று ஒரு நாட்டு அரசு அறிவித்துவிட்டால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் பயண நிறுவனங்களே மொத்தமாக ரத்து செய்துவிடுகின்றன. ஆனால் குண்டு வெடித்த ஊரையும், அங்கிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் மலையையும் ஒன்றாகப் பார்ப்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ஓசூரிலிருந்து:

பெங்களூர் ஏர்போர்ட்டில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி மைசூர், ஒகேனக்கல், மாமல்லபுரம் என்று கார் ஓட்டுகிறேன். 2020 மார்ச்சில் விசாக்களை நிறுத்திய அன்றே வேலை நின்றது. தனியாக வருகிறவர்களுக்குச் சுற்றுலா விசா மறுபடி கிடைத்தது 2021 நவம்பரில்தான். கார் தவணை மட்டும் நிற்கவில்லை. முன்பணம் கொடுத்திருந்த பலர் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும், "பணம் உங்களிடமே இருக்கட்டும், தேதியைத் தள்ளி வைப்போம்" என்று மெசேஜ் அனுப்பினார்கள். சொன்னபடி 2022-இல் வந்தார்கள். ரத்து செய்வதற்கும் தள்ளிப்போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தவணை கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

பென்னாகரத்திலிருந்து:

நம்ம ஒகேனக்கல்லிலும் இதே கதைதான். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் தண்ணீர் திறந்து காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவார்கள். அது உயிர் காக்கிற தடை, அவசியம். ஆனால் தண்ணீர் வடிந்து தடையை எடுத்த பிறகும் அந்த வெள்ள வீடியோ போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பரிசல் ஓட்டுகிறவர், மீன் வறுக்கிற அக்கா, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லாருக்கும் அன்றாடக் கூலிதான், மாதச் சம்பளம் கிடையாது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது என்பது சீசனில் தினமும் செய்தியில் வரும். வெளிநாட்டு நண்பர்களை அழைத்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இங்கே யாரிடமாவது போனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.