கோஸ் காய் கட்டல, பஞ்சு மாதிரி இருக்கு. நெருக்கி நட்டதாலயா, லேட்டா நட்டதாலயா?

மண்வெட்டி_மாறன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பாத்தி முட்டைக்கோஸ் போட்டேன், ஒரே பாக்கெட் விதை. முதல் பாத்தி குளிர் ஆரம்பிச்ச உடனே நட்டது, ஒரு முழத்துக்கு ஒரு செடி, அது 75 நாள்ல கல்லு மாதிரி காய் குடுத்துச்சு. அது நட்டதும் நல்லா வளர்றதப் பாத்த சந்தோஷத்துல மீதி நாத்த, முதல் நடவுக்கு அஞ்சு வாரம் கழிச்சு அடுத்த பாத்தியில நட்டேன், இடம் கம்மியா இருந்ததால ஒரு சாணுக்கு ஒண்ணுன்னு நெருக்கிட்டேன். இப்போ 80 நாள் தாண்டிடுச்சு, இலை மேல இலை ஏறிக் கெடக்கு, நடுவுல அமுக்கிப் பாத்தா கை உள்ள போகுது. நெருக்கம்தான் காரணம்னு வீட்ல எல்லாரும் திட்டுறாங்க. உண்மையா?

கீரைக்காரி:
திட்டுறது கரெக்ட்தான் தம்பி 😄 கோஸுக்கு வெளி இலைதான் சமையல்கட்டு, அது நல்லா விரிஞ்சு வெயில் வாங்கினாத்தான் உள்ள காய்க்கு சாப்பாடு போகும். ஒரு சாண்ல அடுத்த செடி நின்னா எப்படி விரியும்? 30 செ.மீ விட்டா சின்னக் காய், 45ல நடுத்தரம், பெருசா வேணும்னா 60. நான் வேணும்னே 30ல வைப்பேன், ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு பெரிய காய் பாதி வாடித்தான் போகுது. பாத்தி மொத்தத்துக்கு எடை போட்டா நெருக்கி வச்சதுல ஒண்ணும் பெருசா குறையாது, ஒவ்வொரு காயும் சின்னதாகும், அவ்வளவுதான்.

பழைய_களைக்கொத்தி:
அம்மா, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. நெருக்கம் பெரும்பாலும் காயைச் சின்னதாக்கும், அது மட்டுமே எல்லாத்தையும் பஞ்சாக்காது. இது வெயில் பண்ண வேலைன்னு நினைக்கிறேன்.
கோஸ் நல்லா இறுகுறது 15-20 டிகிரியில. 25ஐ தாண்டித் தாண்டி போச்சுன்னா செடி இலை விடும், ஆனா உள் இலைங்க ஒண்ணுமேல ஒண்ணு இறுக்கமா சுத்தாது, நடுவுல காத்து நிக்கும். சிலர் நடுற தேதிய மட்டும் பாக்குறாங்க, அது தப்பு, கடைசி 3-4 வாரம் எங்க விழுதுன்னு பாக்கணும், ஏன்னா காய் நிறையுறது அப்பத்தான். சின்னச் செடி கொஞ்சம் வெயில் தாங்கிக்கும், காய் தாங்காது. அதனால அறுக்க வேண்டிய நாள்ல இருந்து பின்னாடி எண்ணுங்க, 75 நாள் ரகம்னா குளிர் முடிய 75 நாளுக்கு முன்னாடியே செடி மண்ணுல இருக்கணும், நாத்து வளர்க்க இன்னும் 4-5 வாரம் அதுக்கு முன்னாடி. வெயில் தாங்குற ரகமும் இருக்கு, அது வேற கணக்கு.
மாறன், ஒரு சந்தேகம் தீத்துக்கோங்க: பாத்தி ஓரத்துலயோ, பக்கத்துச் செடி செத்துப்போன இடத்துலயோ நிக்கிற செடிய அமுக்கிப் பாருங்க. அதுக்குத்தான் இடம் தாராளமா இருந்திருக்கும்ல. அது கெட்டியா இருந்தா நான் சொன்னது தப்பு.
இன்னொண்ணு, நாத்து அஞ்சு வாரம் கூடுதலா தட்டுலயே இருந்துச்சா? வேர் சுருண்டு, தண்டு முத்திப்போன நாத்து நட்டப்புறம் நின்னு யோசிக்கும்.

மண்வெட்டி_மாறன்:
அண்ணா, இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன். மூலையில ஒரு செடி, அதுக்கு ரெண்டு பக்கமும் நட்ட வாரமே செத்துப்போச்சு, அது மட்டும் முறம் மாதிரி இலை விரிச்சு நிக்குது. அமுக்கினேன்... அதுவும் பஞ்சுதான். ஆமா நாத்து தட்டுலயே கெடந்துச்சு, கீழ் இலை மஞ்சளா ஆனப்புறம்தான் நட்டேன். நடு செடிங்கள்ல சில இலை ஓரத்துல வி மாதிரி மஞ்சள் வருது, அது என்ன?

தண்ணி_தெளிப்பு:
அந்த வி வடிவ மஞ்சள், நரம்பு கறுத்திருந்தா கருப்பழுகல், பாக்டீரியா நோய். இங்க நெருக்கம் நிஜமாவே கெடுக்கும், இலை காயாம ஈரமா இருக்கும், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தாவும். மேல தெளிக்காம வேர்ல தண்ணி விடுங்க, நோய் பிடிச்ச செடிய எடுத்து தோட்டத்துக்கு வெளிய போடுங்க, உரக்குழியில வேண்டாம். மீதியில ஒண்ணுவிட்டு ஒண்ணு அறுத்துடுங்க, பிடுங்காதீங்க, பக்கத்து வேர் ஆடும்.
லேட்டா போட்டா வெயில், அதிகக் குளிர்ல மாட்டினா வேற கூத்து: தண்டு பென்சில் தடிமனுக்கு வந்த செடி 10 டிகிரிக்குக் கீழ சில வாரம் நின்னா காயே கட்டாம பூத்தண்டு விட்டுடும். மெல்லிசா இருக்குற நாத்துக்கு அந்தப் பயம் இல்ல.

பழைய_களைக்கொத்தி:
ஆக மூலைச் செடி சாட்சி சொல்லிடுச்சு. வெயில் ஏறிட்டே இருந்தா இதுங்க இனி இறுகாது, இலையா இருக்குறப்பவே அறுத்து சமைச்சுடுங்க, பஞ்சா இருந்தாலும் ருசி இருக்கும். முதல் பாத்தியில காய் மிச்சம் இருக்கா? இருந்தா மண்ணக் காயவிட்டு திடீர்னு தண்ணி கட்டாதீங்க, வெடிச்சுடும்.

மண்வெட்டி_மாறன்:
ரெண்டு ஏற்கனவே வெடிச்சாச்சுண்ணா 😭 போன வாரம் ஊர்ல இல்ல, வந்ததும் குடம் குடமா ஊத்தினேன். மிச்சம் மூணு இருக்கு.

பழைய_களைக்கொத்தி:
மூணையும் கையில பிடிச்சு அரைத் திருப்பு திருப்பி விடுங்க, கொஞ்சம் வேர் அறுந்து தண்ணி குடிக்கிறது குறையும். முடிஞ்சா இன்னைக்கே அறுத்துடுங்க, அதுதான் நல்லது.

மண்வெட்டி_மாறன்:
கத்தியோட கிளம்பிட்டேன். மூலைச் செடிய மட்டும் விடுறேன்.