கொலுசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கான திட்டத்தின் மதிப்பாய்வு: முடிவுகளை யாரிடம், எப்படிக் கொண்டுசெல்வது?

செவ்வாய்ப்பேட்டை_களப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலையை வீட்டிலிருந்தே செய்யும் பெண்களுக்காக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் களப்பணியாளராக இருக்கிறேன். பட்டறையிலிருந்து வரும் துண்டுகளைக் கோப்பது, பற்றவைப்பது போன்ற வேலைகளை எடைக்குக் கூலி வாங்கிச் செய்யும் இவர்கள், பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவருக்கே கட்டுப்பட்டுக் கிடக்காமல் இருப்பதற்காக, குழுச் சேமிப்பிலிருந்து சிறு கடன் பெற ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையமும் நடத்துகிறோம். பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை அங்கே முடித்துக்கொள்ளலாம்.

வெளியாள்களைக் கொண்டு ஒரு மதிப்பாய்வு செய்தோம். முதல் கணக்கெடுப்பு ஆடி மாதத்தில் நடந்தது. இரண்டாவது, அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்தது. கடன் பெற்ற குடும்பங்களின் வருமானம் நன்றாக உயர்ந்திருக்கிறது என்றும், மாலை மையத்துக்கு வரும் பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்றும் அறிக்கை கூறுகிறது. எனவே மையத்தை மூடிவிட்டு, கடன் ஏற்பாட்டை நகரின் மற்ற வார்டுகளுக்கும் விரிவுபடுத்தும்படி மாநகராட்சியிடம் கோரலாம் என்று எங்கள் நிர்வாகக் குழு எண்ணுகிறது. இதற்கு முன் நாங்கள் கொடுத்த அறிக்கைகளுக்குப் பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பம் கிடைத்ததைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை. இந்த முறை ஆதாரம் முடிவாக மாற வேண்டுமானால், அதை யாரிடம், எந்த வடிவில், எப்போது கொடுக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற_புள்ளியியலாளர் எழுதியது:

தம்பி, யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன், இந்த அறிக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பார்த்துவிடுங்கள். ஆடியில் கொலுசுத் தொழில் எப்படி இருக்கும் என்பது சேலத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம் கிடையாது, ஆர்டர் கிடையாது, பாதிப் பட்டறைகளில் நெருப்பே மூட்டமாட்டார்கள். தீபாவளிக்கு முன்போ வடநாட்டு ஆர்டர்கள் குவிந்து, இரவு பகலாக வேலை நடக்கும். ஆடிக் கூலியையும் தீபாவளிக் கூலியையும் ஒப்பிட்டால் உங்கள் கடனை வாங்காத குடும்பத்திலும் வருமானம் உயர்ந்ததாகத்தான் தெரியும். இதற்கிடையில் வெள்ளி விலை எப்படி ஆடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விலை ஏறினால் வியாபாரிகள் ஆர்டரைக் குறைத்துவிடுவார்கள். கடன் வாங்காத, அதே தெருவைச் சேர்ந்த குடும்பங்களை அதே இரண்டு மாதங்களிலும் கேட்டிருந்தால் மட்டுமே உங்கள் கடனின் பங்கு என்ன என்று பிரித்தறிய முடியும்.

ஹைதராபாதில் 2005 முதல் நடந்த ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறக்குமாறு செய்தார்கள். சிறு தொழில்களில் முதலீடு கூடியது, வீட்டுக்கு நீடித்து உழைக்கும் பொருள்கள் வாங்குவது கூடியது; ஆனால் குடும்பங்களின் சராசரி நுகர்வுச் செலவு உயரவில்லை, பிள்ளைகளின் கல்வியிலும் உடல்நலத்திலும் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையிலும் மாற்றம் தென்படவில்லை. அவ்வளவு பெரிய ஆய்வில் தெரியாத உயர்வு உங்கள் சிறிய திட்டத்தில் தெரிகிறது என்றால், முதலில் பஞ்சாங்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாலை மையத்தைப் பற்றிய முடிவிலும் எனக்கு ஐயம் இருக்கிறது, ஆனால் அது எதிர்த்திசையில். மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தில், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச்சென்று, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பது, கூட்டல் கழித்தல் போன்ற அடிப்படைகளைக் கற்பித்தார்கள். மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. அங்கே பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையிலிருந்து தொடங்கினார்கள். உங்கள் மையத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை நான்காம் வகுப்புப் பாடத்தைப் பார்த்து எழுதினால் நோட்டுதான் நிறையும். ஆகவே உங்கள் அறிக்கை சொல்வது, இப்படி நடத்திய மையத்தால் பயனில்லை என்பது மட்டுமே. நம் மாநிலத்தில் இல்லம் தேடிக் கல்வி, பெருந்தொற்றுக்குப் பின் இழந்த கற்றலை மீட்பதில் கணிசமான பங்கு வகித்ததாக ஆய்வு வந்திருக்கிறது. அது ஊரகப் பகுதிகளில் எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

குகை_மகளிர்_கூட்டமைப்பு எழுதியது:

புள்ளியியல் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வருமானம் உயரவில்லை என்றால் கடனால் பயனே இல்லை என்று முடித்துவிடுவதை ஏற்க மாட்டேன். இருபது ஆண்டுகளாக நானும் இந்த வேலையைச் செய்தவள். முன்பணம் வாங்கிய பெண், அந்தப் பட்டறையில் எடை குறைத்துப் போட்டாலும், சேதாரம் என்று சொல்லிக் கூலியில் பிடித்தாலும் வாய் திறக்க மாட்டாள். குழுக்கடன் வந்த பிறகு, அதே கூலிக்கு வேலை செய்தாலும், பிடிக்கவில்லை என்றால் வேறு பட்டறைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற நிலை சிலருக்கு வந்திருக்கிறது. மாத வருமானம் எவ்வளவு என்ற ஒரே கேள்வியில் இது எப்படித் தெரியும்? உங்கள் கேள்வித்தாளை எழுதியவர்கள் எங்களில் எவரிடமாவது எதைக் கேட்கலாம் என்று விசாரித்தார்களா?

இன்னொன்று. பதில் சொன்ன பெண்களுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டினீர்களா? ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு, அடுப்படிச் செலவு வரைக்கும் சொல்லிவிட்டு, அதில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே இருப்பதுதான் எங்கள் வழக்கமாகிவிட்டது. மையத்தை மூடலாமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், படிப்பைத் தவிர வேறு காரணங்களும் சொல்வார்கள். பற்றவைக்கும் நெருப்பும் அமிலமும் இருக்கும் ஓரறை வீட்டில் பிள்ளை அந்த மாலை நேரத்தில் இல்லாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

ஏற்காடு_அடிவாரம் எழுதியது:

நகரத் திட்டமிடலில் பணியாற்றியவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட மூல வினாவுக்கு வருகிறேன். நிதிநிலை அறிக்கை முடிவான பிறகு வரும் ஆய்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும், அதற்குள் அலுவலர் மாறியிருப்பார். எந்த முடிவை, யார், எந்த மாதத்தில் எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, அதற்கு முன்பாக இரண்டு பக்கத்தில் கொடுங்கள். வார்டு உறுப்பினரிடமும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையிலும் முதலில் பேசிவிட்டால், மேலே போகும்போது அது உங்கள் கோரிக்கையாக மட்டும் இருக்காது.

எண்ணையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது பரவலாக எடுத்தாளப்பட்டதற்குக் காரணம், அது ஒரு குடும்பத் தலைவி தன் செலவோடு ஒட்டிப் பார்க்கக்கூடிய தொகையாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய கோரிக்கை வைக்கும் முன், அகமதாபாத் அனுபவத்தையும் பாருங்கள். அங்கே 1987-இல், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த பீடி சுற்றும் பெண்கள் உள்ளிட்டோருக்குக் குலுக்கல் மூலம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீடு கிடைத்து 14 ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்தபோது, வென்றவர்களில் 34 விழுக்காட்டினர் குடியேறவே இல்லை, மேலும் 32 விழுக்காட்டினர் குடியேறிப் பின்னர் வெளியேறிவிட்டார்கள் என்று தெரிந்தது. வீடு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் குடும்ப வருமானத்திலோ பிள்ளைகளின் நிலையிலோ வேறுபாடு இல்லை, சொந்தபந்தங்களும் அவசரத்துக்குக் கைகொடுப்பவர்களும் மட்டும் தூரமாகிவிட்டார்கள். உங்கள் பெண்களைப் போலவே வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அவர்களில் பலர். உங்கள் பக்கம் ஓடைக்கரையில் வசிக்கும் குடும்பங்களை வேறு எங்கே குடியமர்த்தலாம் என்று எப்போதாவது பேச்சு வந்தால், பட்டறைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் பற்றி நீங்கள் களத்தில் எடுத்திருக்கும் குறிப்புகள், இந்தக் கடன் அறிக்கையைவிட அதிகமாகப் பயன்படக்கூடும். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_களப்பணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆடியும் தீபாவளியும் எங்கள் கண்ணெதிரே இருந்தும் அதை எவரும் கவனிக்கவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. கடனை விரிவுபடுத்தும் கோரிக்கையை இப்போதைக்கு நிறுத்திவைக்கும்படியும், மையத்தை மூடாமல் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்க்கும்படியும் நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிதாகச் சேர விரும்பும் குழுக்கள், எங்களிடம் உள்ள பணத்தைவிட அதிகமாக இருப்பதால், முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து, காத்திருப்பவர்களையும் அதே மாதங்களில் கேட்கலாம் என்று நினைக்கிறோம். குலுக்கல் சீட்டு நடத்திப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றாது. குகை அம்மா, முன்பணத்தைப் பற்றிக் கேட்டால் பெண்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதை எப்படிக் கேட்பது?

குகை_மகளிர்_கூட்டமைப்பு எழுதியது:

பட்டறைக்காரர் பெயரைக் கேட்காதீர்கள். முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்றும் கேட்காதீர்கள், அது கடன்காரி என்று சொல்வதுபோல் ஆகிவிடும். நாளைக்கே வேறு பட்டறைக்குப் போவதாக இருந்தால் கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள், சரியான தொகையைச் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள், அப்போதுதான் பட்டறையிலிருந்து சரக்கு எடுக்க ஆள் வருவார்.