எலெஜிக்கு இரங்கற்பா போதுமா?

> ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் லூசிப் பாடல் (‘ஷீ டுவெல்ட்...’) பற்றிய கட்டுரையில், இறந்தவருக்காக வருந்தும் பாவகையான ‘எலெஜி’க்கு ‘இரங்கற்பா’ என்று போட்டிருக்கிறேன். பாடநூலிலும் அதுதான். மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள் அம்மா. இரங்கற்பா என்றால் இன்று நம் காதில் விழுவது பெரியவர் மறைந்தபின் நினைவு மலரில் அச்சாகும் புகழ்ப்பா. இந்தப் பாடலோ முதல் நான்கு அடிக்குள்ளேயே, அவளைப் புகழ ஒருவரும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் புகழ்ப்பாவின் பெயரைச் சூட்டினால் வாசகர் இல்லாத புகழைத் தேடுவார்.

1798 குளிர்காலத்தில் ஜெர்மனியின் கோஸ்லாரில் எழுதி, 1800இல் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் வந்த பாடல். வரைவில் ஐந்து பத்தி. அச்சில் மூன்று, பன்னிரண்டே அடி. நோய் மெல்ல வாட்டியதைச் சொன்ன பத்தியும் வெட்டுப்பட்டதில் அடங்கும். அதனால் எப்படி இறந்தாள் என்பதே இப்போது பாட்டில் இல்லை. பெயர்கூடப் பத்தாம் அடியில்தான் வருகிறது. எஞ்சுவது உயிரோடிருப்பவரின் நிலை மட்டும். தொல்காப்பியம் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை’, அதாவது இறந்தவரை எண்ணி எஞ்சியவர் செயலற்றுப் புலம்புவது. ஆகவே என் பரிந்துரை: கையறுபாட்டு.

> கையறுநிலை அரசனையோ வள்ளலையோ இழந்த புலவர் பாடுவதல்லவா? பெண் இறந்ததற்குத் தபுதார நிலை என்று தனித்துறையே உண்டே ஐயா.

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் புறநானூறு 245ஐப் பாருங்கள். சேர மன்னன் மாக்கோதை தன் மனைவியை ஈமத்தில் வைத்துவிட்டு, இன்னும் வாழ்கிறேனே, இது என்ன பண்பு என்கிறான். அதற்கும் துறை கையறுநிலை என்றே குறித்திருக்கிறார்கள். தபுதாரம் என்றால் ‘காதலி இழந்த’ என்ற உறவு உறுதியாக வேண்டும். லூசி காதலியா, தங்கையா, பக்கத்து வீட்டுப் பெண்ணா? பாட்டு வாய் திறக்கவில்லை. கடைசியில் ‘எனக்கு’ என்ற ஒரு சொல்தான். கலைச்சொல் அந்த மௌனத்தை உடைக்கக் கூடாது.

> சரி. யாப்பை எப்படிச் சொல்வது? நாற்சீரடியும் முச்சீரடியும் மாறி மாறி வருவதால் ‘அளவடி, சிந்தடி’ என்று எழுதிவிட்டேன்.

அது வழுக்கும் இடம். நம் சீர் நேர், நிரை அசைகளால் ஆவது. குறில், நெடில், ஒற்றுதான் கணக்கு. ஆங்கிலத்தில் எண்ணுவது அழுத்தத்தை. ஒற்றைப்படை அடிகளில் நான்கு அழுத்தம், இரட்டைப்படையில் மூன்று. ‘நான்கழுத்த அடி, மூன்றழுத்த அடி’ என்று எழுதி, அளவடி-சிந்தடியை ஒப்புமைக்கு மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். பத்தி வடிவத்துக்கு (‘பாலட் ஸ்டான்சா’) கதைப்பாடல் பத்தி என்று போடுங்கள். ‘டவ்’, ‘லவ்’ என்று அடியின் ஈறு ஒத்து வருவதை எதுகை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது இயைபு.

மேற்கோளை மொழிபெயர்க்கும்போது இன்னும் இரண்டு இடம். மூலம் ‘இறந்தாள்’ என்று சொல்லாமல் ‘இருப்பது நின்றது’ என்கிறது. ‘மறைந்தாள்’ போட்டால் பத்திரிகைச் செய்தியாகிவிடும். ‘இல்லாமல் போனாள்’ நெருங்கி வரும். இறுதி அடியில் ‘டிஃபரன்ஸ்’ இருக்கிறது. துயரம், வேதனை என்று ஆளாளுக்கு ஊதிப் பெருக்குவார்கள். ‘வேறுபாடு’ என்ற வறண்ட சொல்லையே விட்டுவையுங்கள். முன்னால் வரும் ‘ஓ’ ஒன்றே போதும்.

> கையறுபாட்டு என்றே மாற்றுகிறேன். ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட கல்லறைத் தோட்டப் பாடலுக்கும் இதையே போடலாமா?

தயங்குவேன். அங்கே பேர் தெரியாத ஊரார் எல்லோருக்குமாக நின்று யோசிக்கிறார். கை ஓய்ந்து போன ஒற்றை ஆள் இல்லை. அதற்கு இரங்கற்பாவே இருக்கட்டும்.