நம்ம குடும்பம்: கவினின் நடை

சுமதி: இன்று கவின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து அடுப்படி வரை வந்துவிட்டான். வீடியோ பாருங்கள் 🙏

கலா: கண் நிறைந்துவிட்டது சுமதி. ஆனால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறதே? ஆபரேஷன் சரியாகத்தானே நடந்தது?

ராமு: அதையேதான் நானும் கேட்க வந்தேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது. இன்னும் ஏன் சாய்ந்து நடக்கிறான்?

சுமதி: எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடிவருகிறது என்றார் டாக்டர், மாமா. திவ்யா, நீ விளக்கமாகச் சொல்லேன்.

திவ்யா: சொல்கிறேன் அத்தை. அவனுக்கு வந்திருப்பது பெர்த்தஸ் என்ற இடுப்பு மூட்டு நோய். தொடை எலும்பின் பந்து போன்ற முனைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு, எலும்பு நலிந்துபோகும். பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், பையன்களுக்குத்தான் அதிகம். ரத்த ஓட்டம் மெல்லத் திரும்பிப் புது எலும்பு வளர 2 முதல் 4 வருடம் ஆகலாம். அதுவரை பந்து நசுங்காமல் இடுப்புக் குழிக்குள் நிற்க வேண்டும் என்றுதான் தொடை எலும்பை வெட்டி, கோணம் மாற்றி, உள்ளே பிளேட் (உலோகத் தகடு) வைத்தார்கள்.

திவ்யா: கோணம் மாறும்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளரும். மாவுக்கட்டில் கிடந்ததில் மெலிந்தும் போனது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைத் தாங்குவது அந்தத் தசைதான். அதற்குப் பலம் போதாததால் உடம்பைச் சாய்த்து ஈடுகட்டுகிறான். பல மாதம் இப்படித்தான் இருக்கும், சில பிள்ளைகளுக்கு ஒரு வருடம் தாண்டியும்.

கலா: நம் ஊர் வைத்தியரைக் கூட்டி வரட்டுமா? எண்ணெய் போட்டு நீவிவிடுவார்.

சுமதி: வேண்டாம் அண்ணி. உள்ளே பிளேட் இருக்கிறது. யாரும் காலை இழுக்கவோ முறுக்கவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

திவ்யா: ஆமாம் அம்மா, அந்தப் பேச்சே வேண்டாம். அத்தை, படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி எப்படிப் போகிறது?

சுமதி: செய்கிறான். ஆனால் கால் முன்பக்கமாக வந்துவிடுகிறது.

திவ்யா: அப்படியென்றால் வேறு தசை வேலை செய்கிறது. நல்ல கால் கீழே இருக்கும்படி ஒருக்களித்து, முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். மேல் காலின் குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலே போக வேண்டும். கட்டைவிரல் கூரையைப் பார்க்கக் கூடாது. பத்து தடவை ஒழுங்காகச் செய்தாலே போதும், ஐம்பது அரைகுறையாக வேண்டாம்.

ராமு: வாக்கரை எப்போது விடலாம்? பிடித்தே பழகிவிடுவானோ?

திவ்யா: டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் வரை அது இருக்கட்டும் மாமா. குதிப்பது, ஓடுவது இப்போது கூடவே கூடாது. புண் நன்றாக ஆறி, டாக்டரும் சரி என்றால் நீச்சல் ரொம்ப நல்லது.

சுமதி: எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது 'நேரா நட', 'நொண்டாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வாரம் யாரோ அப்படிச் சொல்ல, அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

கலா: ஐயோ, பிள்ளை! சொல்லவே மாட்டோம். பணியாரம் சுட்டு எடுத்து வருகிறேன்.

ராமு: இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு பையன், ஆறு வயது இருக்கும். முட்டி வலி என்கிறான், லேசாகத் தாங்கி நடக்கிறான். விளையாட்டில் பட்ட அடி என்று விட்டிருக்கிறார்கள்.

சுமதி: மாமா, கவினும் முதலில் முட்டி வலி என்றுதான் சொன்னான்! முட்டியைத்தான் எக்ஸ்ரே எடுத்தோம்.

திவ்யா: இடுப்பில் கோளாறு இருந்தால் முட்டியில் வலி தெரியும். உடனே எலும்பு டாக்டரிடம் காட்டி, இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராமு: இப்போதே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

சுமதி: என் நம்பரை அவன் அம்மாவிடம் கொடுங்கள் மாமா. எப்போது வேண்டுமானாலும் பேசட்டும்.